ஜேம்ஸ் வில்சன்: தடையற்ற வாணிபம் பேசியவர் இந்தியாவுக்கு வருமான வரி கொண்டுவந்தது எப்படி?

கொள்ளிடக்கரை எழுதியது:

ஆண்டுதோறும் ஜூலை 24ஆம் நாளை இந்திய வருமான வரித்துறை தன் நாளாகக் கொண்டாடுகிறது. 1860இல் அதே நாளில்தான் இந்நாட்டின் முதல் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தவர், லண்டனிலிருந்து இந்திய அரசின் நிதி உறுப்பினராக வந்த ஜேம்ஸ் வில்சன். அவர் அதிலிருந்து பதினெட்டாம் நாள், ஆகஸ்ட் 11 அன்று, கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு நோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 55. இந்தியாவில் அவர் இருந்த காலம் ஒன்பது மாதங்களைக்கூட எட்டவில்லை. நம் பாடநூல்களில் அவர் பெயர் ஒற்றை வரியில் முடிந்துவிடுவதால், அதற்கு முந்திய வாழ்க்கையைச் சற்று விரித்து எழுதிவிட்டு, எனக்குள்ள ஐயத்தை இங்கே வைக்க விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்தின் எல்லைப்புறத்திலுள்ள ஹாயிக் என்னும் ஊரில் 1805 ஜூன் 3 அன்று குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் வில்சன் பிறந்தார். தந்தை கம்பளி ஆலை நடத்தியவர். பிள்ளைகள் பதினைந்து பேர். பள்ளி ஆசிரியராகலாம் என்று சிறிது காலம் எண்ணிப் பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டு, பதினாறாம் வயதில் தொப்பி செய்யும் தொழிலில் சேர்ந்தார். 1824இல் அண்ணனோடு லண்டனுக்குப் போய், தந்தை கொடுத்த முதலை வைத்து வியாபாரம் தொடங்கினார். 1837 வாக்கில் அவருடைய சொத்து ஏறத்தாழ 25,000 பவுண்டு. அந்தக் காலத்தில் அது பெருஞ்செல்வம். விலை ஏறும் என்று நம்பி அதில் பெரும்பகுதியை நீலச் சாயம் தரும் அவுரியில் போட்டார். விலை விழுந்தது. திவாலாகாமல் தப்பினாரே தவிர, கைப்பொருள் பெரும்பாலும் கரைந்துவிட்டது. அப்போது கடன்காரர்களில் சிலர் பணத்துக்கு ஈடாக வெளிநாட்டிலிருந்த ஒரு சொத்தை ஏற்றுக்கொண்டார்கள். பின்னாளில் அச்சொத்து எதிர்பார்த்த விலைக்குப் போகவில்லை என்று தெரிந்ததும், சட்டப்படி கட்டாயம் ஏதுமில்லாதபோதும், குறைந்த தொகையை வில்சன் தாமாகவே கொடுத்துத் தீர்த்தார். இதைப் பதிவு செய்தவர் அவருடைய மருமகன் வால்டர் பேஜெட் என்பதை மறந்துவிடக் கூடாது. மாமனாரைப் பற்றி மருமகன் எழுதியதைக் கொஞ்சம் கழித்துத்தான் படிக்க வேண்டும்.

அந்த நட்டத்துக்குப் பிறகுதான் அவர் எழுத்துக்கு வந்தார். 1839இல் தானியச் சட்டங்களின் விளைவுகளைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்டு உள்நாட்டு விலையை உயர்த்திவைக்கும் அச்சட்டங்கள் ஏழைகளை வதைக்கின்றன என்பது அப்போது எல்லோரும் பேசிய வாதம். விலை தாறுமாறாக ஏறி இறங்குவதால் நிலவுடைமையாளர்களுக்கும் அதனால் நட்டமே என்று காட்டியது வில்சனின் தனித்தன்மை. 1843 செப்டம்பரில் ‘எகனாமிஸ்ட்’ வார இதழைத் தொடங்கினார். தானியச் சட்ட எதிர்ப்புச் சங்கத்தாரோடு நெருக்கம் இருந்தபோதிலும், இதழைத் தம் சொந்தப் பொறுப்பிலேயே வைத்துக்கொண்டார். 1846இல் தானியச் சட்டங்கள் நீக்கப்பட்டன. 1847இல் வெஸ்ட்பரி தொகுதியிலிருந்து லிபரல் உறுப்பினராக நாடாளுமன்றம் சென்றார். 1848 முதல் 1852 வரை இந்திய விவகாரங்களைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு வாரியத்தின் செயலாளர். 1853 முதல் 1858 வரை பிரிட்டிஷ் கருவூலத்தின் நிதிச் செயலாளர். இடையில், இன்றைய ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கியின் முன்னோடிகளுள் ஒன்றான சார்ட்டர்ட் வங்கிக்கு 1853இல் அரச சாசனம் பெற்றுத் தந்தவரும் இவரே. பத்திரிகை நடத்தியபடியே அரசுப் பதவியும் வங்கித் தொழிலும் ஒருவர் பார்ப்பது இன்று பெரிய முறைகேடாகத் தோன்றும். அன்று அது யாருக்கும் உறுத்தவில்லை போலும்.

எனக்குள்ள ஐயம் இதுதான். அரசு குறைவாகச் செய்ய வேண்டும், வாணிபத்தைத் தன்போக்கில் விட வேண்டும் என்று பதினாறு ஆண்டுகள் தம் இதழில் எழுதியவர், கல்கத்தாவில் இறங்கிய மூன்றாம் மாதத்தில் வருமான வரி, தொழில் உரிம வரி, புகையிலை வரி ஆகிய மூன்றையும் ஒரே உரையில் முன்மொழிந்தார். அடுத்த மாதமே அரசே பணத்தாள் அச்சிடும் திட்டத்தையும் கொண்டுவந்தார். கடல் கடந்ததும் கொள்கையை உதறிவிட்டாரா, அல்லது அவருடைய கொள்கையை நாம்தான் சரியாகப் படிக்கவில்லையா?

தணிக்கையாளன் எழுதியது:

இக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால், அவர் வந்தபோது கணக்கு எப்படி இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1857 கிளர்ச்சியை அடக்கப் படை திரட்டியதிலும், அதன்பின் ஐரோப்பியப் படையைப் பெருக்கியதிலும், மூன்றே ஆண்டுகளில் இந்திய அரசின் பற்றாக்குறை மூன்று கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. வரவிருந்த ஆண்டுக்கும் சுமார் 65 லட்சம் பவுண்டு துண்டு விழும் என்று மதிப்பிட்டார்கள். கடன் ஏறக்குறைய மூன்று கோடியே எண்பது லட்சம் பவுண்டு கூடியிருந்தது. இதைவிடக் கொடுமை, இந்த எண்களைத் திரட்டுவதே பெரும்பாடாக இருந்தது என்பதுதான். ஒவ்வொரு மாகாணமும் செலவழித்துவிட்டுப் பிறகு தெரிவிக்கும். வருமுன் மதிப்பிட்டு, மதிப்பீட்டுக்குள் செலவை நிறுத்தி, முடிந்தபின் தணிக்கை செய்யும் ஒழுங்கு இந்தியா முழுவதற்குமாக இருக்கவில்லை.

1860 பிப்ரவரி 18 அன்று வில்சன் ஆற்றிய நிதியறிக்கை உரையை இந்தியாவின் முதல் பட்ஜெட் என்று சொல்வது இதனால்தான். வரி விகிதம் மட்டுமே நம் நினைவில் நிற்கிறது: ஆண்டு வருமானம் 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை இரண்டு விழுக்காடு, அதற்கு மேல் நான்கு விழுக்காடு, அதில் ஒரு பங்கு உள்ளூர்ப் பொதுப்பணிகளுக்கு. என்னைப் போலக் கணக்குத் துறையில் காலம் கழித்தவர்களுக்கு அந்த விகிதங்களைவிட, கருவூலத்திலிருந்து அவர் கொண்டுவந்த நடைமுறையே பெரிது. அவர் இறந்த மூன்றாம் மாதம், 1860 நவம்பரில், இந்தியாவின் முதல் தலைமைத் தணிக்கையாளர் பொறுப்பேற்றார். வருமான வரி ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகிவிட்டது. ஆண்டு மதிப்பீடும் தணிக்கையும் இன்றுவரை நிலைத்திருக்கின்றன.

கொள்கையைப் பொறுத்தவரை, அவர் எதையும் உதறியதாக எனக்குத் தோன்றவில்லை. தடையற்ற வாணிபம் பேசியவர்களுக்கு வருமான வரி பகையன்று. சுங்க வரிகளைக் குறைக்க வேண்டுமானால் அரசுக்கு வேறு வருவாய் வேண்டுமல்லவா? இங்கிலாந்தில் 1842இல் ராபர்ட் பீல் வருமான வரியை மீண்டும் கொண்டுவந்துதான் நூற்றுக்கணக்கான பொருள்களின் மீதிருந்த சுங்கத்தைக் குறைக்கவும் நீக்கவும் செய்தார். வில்சனும் தம் 1860 பட்ஜெட்டில் 20 விழுக்காடாக இருந்த இறக்குமதி வரிகளைப் பத்துக்கு இறக்கினார். தேயிலை, சணல், தோல், கம்பளி முதலியவற்றின் ஏற்றுமதி வரியை நீக்கினார்.

செங்காந்தள் எழுதியது:

தணிக்கையாளன் ஐயா ஒரு செய்தியை விட்டுவிட்டார். அதே பட்ஜெட்டில் பருத்தி நூலின் இறக்குமதி வரி ஐந்திலிருந்து பத்து விழுக்காடாக உயர்த்தப்பட்டது. மான்செஸ்டர் பருத்தி ஆலை முதலாளிகள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அது பழையபடி ஐந்துக்கு இறங்கியது, 1862இல் மேலும் குறைந்தது. மான்செஸ்டர் இருக்கும் லங்காஷயர் முணுமுணுத்தால் ஓராண்டில் வரி இறங்குகிறது. திருநெல்வேலியில் ஒரு சிறுவணிகர் முணுமுணுத்தால் யாருக்குக் கேட்கும்? இந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டுதான் வில்சனின் ‘கொள்கை’யைப் பேச வேண்டும்.

கொள்ளிடக்கரை அவர்கள் வாழ்க்கை வரலாற்றில் தாண்டிச் சென்ற பகுதிக்கு வருகிறேன். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும்பஞ்சம் தொடங்கியது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அந்த ஆண்டுகளில் வில்சனின் இதழ், அரசு தானியம் வாங்கி வழங்குவதையும் விலையில் தலையிடுவதையும் விடாமல் எதிர்த்தது. அரசு தலையிட்டால் வணிகர் ஒதுங்கிவிடுவர், பஞ்சம் இன்னும் மோசமாகும் என்பது வாதம். ஏற்றுமதி வேண்டாம், தானியத்தை நாட்டிலேயே நிறுத்துங்கள் என்று கேட்டவர்களைப் பொருளியல் அறியாதவர்கள் என்று ஒதுக்கியது. பசித்தவனிடம் வாங்கப் பணமே இல்லாதபோது வணிகர் எதற்காகத் தானியம் கொண்டுவருவார் என்ற எளிய கேள்வி அவர்களுக்கு எழவில்லை, அல்லது எழுந்தும் பொருட்படுத்தவில்லை. தொழிற்சாலைகளில் வேலை நேரத்தைப் பத்து மணியாக வரையறுத்த சட்டத்தையும் அவ்விதழ் எதிர்த்தது. அதற்காகவே கார்ல் மார்க்ஸ் தம் ‘மூலதனம்’ நூலில் வில்சனை ஏளனம் செய்கிறார்.

பத்து மணி நேரச் சட்டத்தை எதிர்த்ததையாவது காலத்தின் பொதுவான போக்கு என்று சொல்லலாம். அயர்லாந்து விஷயத்தில் அப்படிச் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. ஏனென்றால், மனிதர் சாகும்போது கொள்கையைத் தளர்த்தாதவர், கருவூலம் காலியானபோது தயக்கமின்றிப் புதுவரி போட்டார். அரசு எப்போது செயல்பட வேண்டும் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது. பசிக்காகச் செயல்படக் கூடாது, கடனுக்காகச் செயல்பட வேண்டும்.

பெத்தநாயக்கன்பேட்டை எழுதியது:

அயர்லாந்தைச் செங்காந்தள் அவர்கள் தொட்டதால், இந்தக் கதையின் இன்னொரு பாதியைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பாதி நடந்த இடம் நம் சென்னப்பட்டணம்.

அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தைக் கருவூலத்திலிருந்து நடத்தியவர், அல்லது நடத்தாமல் நடத்தியவர், சார்லஸ் டிரெவெலியன். 1840 முதல் 1859 வரை கருவூலத்தின் துணைச் செயலாளர். வில்சனின் இதழ் எழுதிய அதே கொள்கையை ஆணைகளாக மாற்றியவர் அவர். 1853 முதல் ஐந்தாண்டுகள் வில்சனும் அவரும் ஒரே கருவூலத்தில் பணியாற்றியவர்கள். ஒருவர் அரசியல் தலைமை, மற்றவர் நிரந்தர அதிகாரி. டிரெவெலியனுக்கு இந்தியா புதிதன்று. 1826 முதல் கம்பெனிப் பணியில் வட இந்தியாவிலும் கல்கத்தாவிலும் இருந்தவர். மெக்காலேயின் தங்கையை மணந்தவர்.

1859இல் இருவரும் இந்தியாவுக்கு வந்தார்கள். டிரெவெலியன் மார்ச்சில் மதராஸ் ஆளுநரானார். வில்சன் நவம்பர் இறுதியில் கல்கத்தாவில் நிதி உறுப்பினராக இறங்கினார். டிரெவெலியன் இங்கே செய்தவற்றில் மக்களுக்கு நினைவிருப்பது பீப்பிள்ஸ் பார்க். பிற்பாடு மூர் மார்க்கெட்டும் ரிப்பன் மாளிகையும் எழுந்த நிலப்பரப்பெல்லாம் அந்தப் பூங்காவைச் சேர்ந்ததுதான்.

வில்சனின் வரித் திட்டம் மதராசுக்கு வந்ததும் டிரெவெலியன் கடுமையாக எதிர்த்தார். அவருடைய வாதங்களைக் கோபக்காரரின் புலம்பல் என்று ஒதுக்க முடியாது. படைச் செலவைக் குறைத்தாலே பற்றாக்குறை தீரும், புதுவரி தேவையில்லை என்றார். கிளர்ச்சி அடங்கி இரண்டாண்டு ஆகாத நிலையில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அதிகாரி நுழைந்து வருமானம் கேட்பது ஆபத்து என்றார். வங்காளம், பம்பாய், மதராஸ் மூன்றும் வெவ்வேறு நிலமுறையும் பழக்கமும் கொண்டவை. கல்கத்தாவில் நாலு பேர் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் போடக் கூடாது என்றார். வங்காளத்தில் சாசுவத நிலவரித் திட்டத்தின்கீழ் ஜமீன்தார்கள் ஒரு தொகையைக் கட்டிவிட்டு எஞ்சியதை அனுபவித்துக்கொண்டிருந்தார்கள். மதராசிலோ பெரும்பகுதி ரயத்துவாரி. குடியானவன் ஏற்கெனவே நேராக அரசுக்குக் கட்டிக்கொண்டிருந்தான். போதாததற்கு, தறிக்கும் கடைக்கும் கைத்தொழிலுக்கும் மொகதர்பா என்ற வரி வேறு. அதை நீக்கும்படி மதராஸ் சுதேசி சங்கத்தார் 1852லேயே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியிருந்தார்கள். நேர்முக வரி என்பது கல்கத்தாவுக்குப் புதுமையாக இருந்திருக்கலாம். நம் நெசவாளருக்கு அது தலைமுறைத் துன்பம்.

கருத்து வேறுபாடு இருந்தால் அதை ரகசியக் குறிப்பாக மேலே அனுப்புவதுதான் வழக்கம். டிரெவெலியன் தம் எதிர்ப்பைப் பத்திரிகைகளில் வெளியிட்டுவிட்டார். மைய அரசின் வரியை ஒரு மாகாண ஆளுநரே பகிரங்கமாகத் தாக்குவதைக் கல்கத்தாவில் கவர்னர் ஜெனரலாக இருந்த கானிங்காலும் பொறுக்க முடியவில்லை, லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த சர் சார்லஸ் வுட்டாலும் பொறுக்க முடியவில்லை. அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அவரிடத்துக்கு இலங்கை ஆளுநராயிருந்த சர் ஹென்றி வார்டு வந்தார். வந்து ஒரு மாதம் ஆகுமுன்னே, ஆகஸ்ட் 2 அன்று, காலராவில் இறந்தார். அடுத்த ஒன்பதாம் நாள் கல்கத்தாவில் வில்சன்.

செங்காந்தள் எழுதியது:

பெத்தநாயக்கன்பேட்டை அவர்களுக்கு நன்றி. ஆனால் டிரெவெலியனை மக்கள் தோழராக்கிவிட வேண்டாம். அயர்லாந்தில் அவர் கை வைத்ததன் விளைவு ஊரறிந்தது. இந்தியாவில் அவர் எதிர்த்தது புதுவரியை. அதற்காக ஏழைகள் பக்கம் நின்றார் என்று சொல்ல முடியாது. 200 ரூபாய் ஆண்டு வருமானம் என்றால் மாதம் பதினேழு ரூபாய்க்கும் குறைவு; அந்த அளவுக்கு வரியை இறக்கியது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வரம்புக்கு மேலேயோ, வங்காள ஜமீன்தாரும் கல்கத்தா ஐரோப்பிய வணிகரும் அரசு உயர் அதிகாரியும் முதன்முறையாகத் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. உப்பு வரியும் நிலவரியும் மட்டுமே அறிந்த ஓர் ஆட்சியில் அது சிறிய செய்தியன்று. ஜமீன்தார்கள், சாசுவத நிலவரித் திட்டத்தில் கார்ன்வாலிஸ் கொடுத்த வாக்கு மீறப்படுகிறது என்று கூக்குரலிட்டபோது, வாக்கு நிலவரிக்கு மட்டுமே பொருந்தும், வருமானத்துக்குப் பொருந்தாது என்று வில்சன் மறுத்தார். அந்த ஓரிடத்தில் நான் வில்சன் பக்கம்.

கொள்ளிடக்கரை எழுதியது:

வில்சன் தம் உரையில் மனுவையும் மேற்கோள் காட்டினார் என்பதை இங்கே சேர்க்கலாம். அரசன் குடிகளிடம் வரி கொள்வது இந்து சாத்திரங்களே ஒப்புக்கொண்டது, ஆகவே இது அந்நியப் புதுமையன்று என்பது அவர் வாதம். கல்கத்தாவில் இறங்கி மூன்று மாதம் ஆகாதவர் மனுவை எடுத்துக் காட்டியதை அன்றைய வங்காளப் பண்டிதர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று. அவுரியில் பொருளிழந்த அதே மனிதர், இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து வங்காளத்துக்கு வந்தபோது, அவுரி விதைக்க மாட்டோம் என்று குடியானவர்கள் அவுரித் தோட்ட முதலாளிகளை எதிர்த்து எழுந்திருந்தார்கள். அவர் உறுப்பினராக இருந்த சட்ட மன்றம் 1860 மார்ச் இறுதியில், அந்தப் பருவத்துக்கு மட்டும் அவுரி ஒப்பந்தங்களை நிறைவேற்றக் கட்டாயப்படுத்தும் சட்டம் ஒன்றை இயற்றியது. அதே சட்டம் ஒரு விசாரணைக் குழுவுக்கும் வழிவகுத்தது. லண்டன் சந்தையில் அவுரி ஒரு விலைப்பட்டியல். வங்காளத்தில் அது சாட்டையடி.

நாணயச்சாலை எழுதியது:

வரியைப் பற்றியே எல்லோரும் பேசுவதால், பணத்தாள் திட்டத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். வில்சனைப் பொருளியலாளர் என்று அழைக்கத் தகுதி தருவது, என் கருத்தில், அவருடைய நாணயக் கொள்கைதான். வரிகளைப் பற்றி அவர் சொன்னவற்றை அன்று வேறு பலரும் சொன்னார்கள்.

1844ஆம் ஆண்டின் வங்கிச் சட்டம் இங்கிலாந்து வங்கியைக் கட்டிப்போட்டது. ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் வெளியிடும் ஒவ்வொரு நோட்டுக்கும் முழு ஈடாகப் பொன் இருக்க வேண்டும் என்பது விதி. வில்சன் அதைத் தம் இதழில் தொடர்ந்து தாக்கி எழுதி, கட்டுரைகளை 1847இல் நூலாக்கினார். நோட்டைக் கொண்டுவந்தவருக்கு உடனே நாணயம் கொடுக்கும் உறுதி இருந்தால் போதும். மக்களுக்குத் தேவையில்லாத நோட்டு தானாகவே வங்கிக்குத் திரும்பிவிடும். ஆகவே அளவைச் சட்டத்தால் பூட்ட வேண்டியதில்லை என்பது அவர் தரப்பு. 1847இலும் 1857இலும் லண்டனில் நெருக்கடி முற்றியபோது, அரசு அந்தச் சட்டத்தை மீற வங்கிக்கு அனுமதி கொடுக்க வேண்டி வந்தது. வில்சன் தரப்பில் நியாயம் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

இந்தியாவில் அதைச் செய்து பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அப்போது வங்காள வங்கி, பம்பாய் வங்கி, மதராஸ் வங்கி ஆகிய மூன்று மாகாண வங்கிகளும் நோட்டு வெளியிட்டுவந்தன. அவை தலைநகரங்களுக்கு வெளியே அதிகம் செல்லவில்லை. இந்த உரிமையை எடுத்து அரசிடமே கொடுப்பது, வெளியிட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கை நாணயமாக இருப்பு வைத்து மீதியை அரசுக் கடன் பத்திரங்களில் வைப்பது என்பது வில்சனின் திட்டம். லண்டனிலிருந்த சார்லஸ் வுட்டோ 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின் பக்தர். விகிதாசார இருப்பு கூடாது என்று மறுத்தார். வில்சன் இறந்தபின் அவரிடத்துக்கு வந்த சாமுவேல் லேங் 1861இல் நிறைவேற்றிய சட்டத்தில், நான்கு கோடி ரூபாய் வரை மட்டும் பத்திர ஈட்டில் வெளியிடலாம், அதற்கு மேல் முழு நாணய ஈடு வேண்டும் என்று ஆயிற்று. அரசு நோட்டு என்ற உடல் வில்சனுடையது. உள்ளே வைத்த விதி அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்தது. மாகாண வங்கிகள் நோட்டு வெளியிடும் உரிமையை இழந்தன. கிடைத்த ஆறுதல், அரசின் இருப்புப் பணத்தை வைத்து வாணிபம் செய்யும் வாய்ப்பு.

கொள்ளிடக்கரை அவர்களின் முதல் கேள்விக்கு இதுவும் ஒரு விடை. நோட்டு வெளியிடுவதை வாணிபமாக அவர் எண்ணவில்லை; அதில் கிடைக்கும் லாபம் பங்குதாரருக்குப் போவதைவிட அரசுக்கு வருவதே முறை என்று கருதினார். எல்லாவற்றையும் சந்தைக்கு விட்டவர் என்ற பெயர், அவர் எழுதியவற்றில் பாதியை மட்டும் படித்தவர்கள் வைத்தது.

தணிக்கையாளன் எழுதியது:

செங்காந்தள் அம்மா “கடனுக்காகச் செயல்பட வேண்டும்” என்று எழுதிய வரி என்னைச் சிந்திக்க வைத்தது. வில்சனின் வாழ்க்கையில் தொடர்ந்து ஓடும் இழை அதுவாகத்தான் இருக்க வேண்டும். தொப்பி வியாபாரியாக இருந்தபோது கட்டாயமில்லாத கடனையும் தீர்த்தவர். நோட்டு என்றால் கேட்டதும் நாணயம் தர வேண்டும் என்றவர். அரசு என்றால் வாங்கிய கடனுக்கு வட்டி தவறக் கூடாது என்றவர். கடனைத் திருப்பித் தருவதுதான் அவருக்கு அறம். சிறிய அரசு, பெரிய அரசு என்ற கேள்வி அவருக்கு அதன் பின்புதான்.

செங்காந்தள் எழுதியது:

அதை ஏற்கிறேன், ஆனால் அங்கேதான் என் முக்கிய மறுப்பும் இருக்கிறது. தொப்பி வியாபாரத்தில் அவர் தீர்த்தது அவரே வாங்கிய கடன். 1860இல் இந்தியர்கள் தீர்க்க வேண்டியிருந்தது யார் வாங்கிய கடன்? கிளர்ச்சியை அடக்கிய படைச் செலவு முழுவதும் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டது. 1858இல் கம்பெனியின் ஆட்சி முடிந்த பிறகும், அதன் அறுபது லட்சம் பவுண்டு பங்கு முதலுக்கு ஆண்டுக்குப் பத்தரை விழுக்காடு ஈவுத்தொகை 1874 வரை இந்திய வருவாயிலிருந்தே போய்க்கொண்டிருந்தது. அந்த வரிச் சட்டத்தை இயற்றிய மன்றத்தில் ஓர் இந்தியர்கூட உறுப்பினராக இல்லை. முதல் இந்தியர்கள் நியமிக்கப்பட்டதே 1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். நாடாளுமன்றம் ஒப்பாமல் வரி இல்லை என்ற மரபில் வளர்ந்த லிபரல், அந்த மரபைக் கப்பலில் ஏற்றாமல் வந்துவிட்டார். கடன் தீர்ப்பது அறம் என்றால், யாருடைய கடன் என்று கேட்பது அதற்கு முந்தைய அறம்.

தணிக்கையாளன் எழுதியது:

மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு நிதி உறுப்பினர் கல்கத்தாவில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கடனை லண்டன் ஏற்கட்டும் என்று சொல்லியிருந்தால், அடுத்த கப்பலில் டிரெவெலியனுக்கு முன்பாக அவரைத் திருப்பி அழைத்திருப்பார்கள். வில்சனின் குறை, அப்படிச் சொல்லாமல் போனது மட்டுமன்று. அந்தக் கேள்வியே அவர் இதழின் பக்கங்களில் எழாதது. இந்தக் குறையில் அவர் தனியர் அல்லர். ‘எகனாமிஸ்ட்’ இதழில் அவர் இருந்த நாற்காலியில் பின்னாளில் அமர்ந்த ஆசிரியர் வால்டர் லேட்டனும் பொருளியலாளர், லிபரல் கட்சிக்காக மூன்று முறை நின்று தோற்றவர். சைமன் குழுவுக்கு நிதி ஆலோசகராக இந்தியா வந்து, மைய அரசுக்கும் மாகாணங்களுக்கும் வருவாயைப் பங்கிடுவது பற்றிப் பரிந்துரைத்தார். எழுபது ஆண்டு இடைவெளியிலும் அந்த இதழின் ஆசிரியர்கள் இங்கே வந்து கணக்கைத்தான் திருத்தினார்கள்.

கொள்ளிடக்கரை எழுதியது:

குடும்பத்தைப் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். சுருக்கமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். வில்சனுக்கு ஆறு பெண்கள். மூத்தவர் எலைசாவை 1858 ஏப்ரலில் பேஜெட் மணந்தார். பாத் நகருக்கு அருகிலுள்ள கிளாவர்ட்டன் மாளிகையில் வில்சன் குடும்பம் வாழ்ந்தபோது, கட்டுரை எழுதுவது தொடர்பாக வந்துபோனதில் ஏற்பட்ட உறவு அது. வில்சனுக்குப் பின் 1861 முதல் 1877 வரை பேஜெட் இதழின் ஆசிரியராக இருந்தார். இன்று மாமனாரைவிட மருமகனையே உலகம் அறியும். வில்சனின் கல்லறை கல்கத்தாவின் மல்லிக் பஜார் கல்லறைத் தோட்டத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது; 2007இல் வரி வரலாற்றை ஆராய்ந்துகொண்டிருந்த வருமான வரித்துறை அதிகாரி ஒருவர்தான் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்.

பெத்தநாயக்கன்பேட்டை எழுதியது:

வருமான வரி ஐந்தாண்டில் காலாவதியானது என்று தணிக்கையாளன் ஐயா போகிறபோக்கில் எழுதிவிட்டார். அது காலாவதியான விதத்தைச் சொல்லாமல் இந்த இழையை விட முடியாது.

லேங் உடல்நலம் குன்றித் திரும்பியதும், 1863 தொடக்கத்தில் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்தவர், மதராசிலிருந்து திருப்பி அழைக்கப்பட்ட அதே டிரெவெலியன். வில்சன் அமர்ந்த இடத்திலேயே அமர்ந்தார். வரியின் கீழ்வரம்பு அதற்குள் 200லிருந்து 500 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. அவர் காலத்தில் விகிதம் மூன்று விழுக்காடாகக் குறைந்தது. 1865இல் ஐந்தாண்டுக் காலம் முடிந்தபோது அவர் அதை நீட்டிக்கவில்லை. மதராசில் எழுதிய குறிப்பைக் கல்கத்தாவில் நிறைவேற்றினார் என்றே சொல்லலாம்.

செங்காந்தள் எழுதியது:

போன வருவாய்க்கு எதை ஈடாகக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லிவிடுங்கள். 1865ஆம் ஆண்டு பட்ஜெட்டில் டிரெவெலியன் தேயிலை, காப்பி, சணல், கம்பளி, தோல் முதலியவற்றின் மீது ஏற்றுமதி வரி போட்டார். அவற்றில் பலவற்றின் வரியை நீக்கியவர் வில்சன். லண்டன் அந்த வரிகளை ஏற்காமல் தள்ளுபடி செய்தது. பிறகு 1867இல் உரிம வரி, 1868இல் அதன் திருத்தம், 1869இல் மீண்டும் வருமான வரி, 1873இல் மீண்டும் கைவிடல் என்று தடுமாறி, 1886ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் அது நிலைகொண்டது. இத்தனை ஆண்டுகளிலும் உப்பு வரியை யாரும் காலாவதியாக விடவில்லை.